விசாரித்தேன், உண்மையில்லை

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் உன் மகன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "அம்மாவுக்கு அசதியா இருக்கு சித்தி" என்று போனை வாங்கிவிடுகிறான். அதனால் பழையபடி கடிதம்.

நீ பத்தொன்பது வருஷம் உட்கார்ந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து இன்றோடு நான்கு நாள். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு ஒரு குழந்தைகள் இல்லத்தை நடத்துவது என்ன பெரிய வேலை என்று நினைத்துத்தான் வந்தேன். வந்த அன்றே பிள்ளைகளுக்கு ஒரு குழப்பம். உன்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டார்களாம், என்னை என்னவென்று கூப்பிடுவது? கொசு என்று எல்லோரும் கூப்பிடும் ஒன்பது வயதுப் பெண் ஒன்று இருக்கிறதே, வாய் ஓயாமல் காதருகே ரீங்காரம் போட்டுக்கொண்டு, அதுதான் தீர்த்து வைத்தது. "இவங்க சின்னப் பெரியம்மா." அப்படியே நிலைத்துவிட்டது.

எல்லாம் ஒழுங்காக இருக்கிறது அக்கா. சொல்லப்போனால் கொஞ்சம் அதிகமாகவே. அறுபத்திரண்டு பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், ஒரு தட்டுகூடச் சத்தம் போடவில்லை. விடுதியை மேற்பார்க்கும் மாஸ்டர் இரண்டு முறை கை தட்டுகிறார், எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். என் வார்டில் பத்துப் பிள்ளைகள் சேர்ந்தாலே காது கிழியும்.

ஒரு சந்தேகம். துணி அறைக்கு வெளிப்பக்கம் எதற்குத் தாழ்ப்பாள்? துணி எங்கே ஓடிவிடப் போகிறது?

மருந்தை மறக்காதே.

உன் தங்கை

---

ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி அப்படியேதான் இருக்கிறது. மருமகள் தைலம் தேய்த்துவிடுகிறாள். இங்கே ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்க் கட்டடத்தின் ஜன்னல்தான். பொழுது போகவில்லை.

நீ என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைக்கவே நிறைவாக இருக்கிறது. அம்மா போனபோது உனக்கு ஆறு வயது. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வேலைக்குப் போனது நேற்றுபோல் இருக்கிறது.

மாஸ்டர் கையில் விடுதியை விட்டுவிட்டு நீ நிம்மதியாக இரு. பதினைந்து வருஷமாக அந்த மனிதர் ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை. பம்பு ரிப்பேரானாலும் அவர்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர்தான். பிள்ளைகள் சொல்வதற்கெல்லாம் காது கொடுக்காதே. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், கவனம் கிடைக்க வேண்டுமென்று கதை கட்டும். நீ வார்டில் இருந்தவள், அங்கே இருப்பது நோயாளிப் பிள்ளைகள். இங்கே அப்படி இல்லை.

புதுத் திரைச்சீலை போட்டீர்களா? வரவேற்பறையில் பழசு கிழிந்திருந்தது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். திரைச்சீலை மாற்றியாயிற்று. தாழ்ப்பாளைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

கொசு பேசுவதில்லை அக்கா. பத்து நாளாயிற்று. முதல் வாரம் என் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்த பெண், இப்போது நான் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. நேற்று நகம் வெட்டிவிடும் சாக்கில் பக்கத்தில் உட்கார வைத்துச் சட்டைக் கையை மடக்கினேன். மேல் கையின் உள்பக்கம் நான்கு நீலத் தடம், வரிசையாக. எதிர்ப்பக்கம் ஒன்று.

இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்த காயங்களுக்குக் கணக்கில்லை. விழுந்த பிள்ளைக்கு முட்டி சிராய்க்கும், முழங்கை சிராய்க்கும், நெற்றி வீங்கும். அக்குள் பக்கம் நான்கு விரல் பதியாது.

"என்னடா ஆச்சு?" என்றேன்.

"படியில விழுந்தேன்."

"எந்தப் படியில?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பினேன். மாஸ்டர் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "துறுதுறுன்னு ஓடுவா மேடம், சொன்னா கேக்க மாட்டா" என்றார்.

உன் காலத்தில் இப்படி ஏதாவது கண்ணில் பட்டதா? பட்டிருந்தால் நீ என்ன செய்தாய்? புதியவள் நான், எனக்கு வேறு யாரைக் கேட்பதென்று தெரியவில்லை.

உன் தங்கை

---

ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரத்த அழுத்தம் கூடி இரண்டு முறை டாக்டரிடம் போய்வந்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள்.

மாஸ்டரை இழந்துவிடாதே. உனக்குத் தெரியாது, விஷக் காய்ச்சல் வந்த வருஷம் நாற்பது பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். வேலையாட்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். அந்த மனிதர் ஒருவர்தான் ஒவ்வொரு பிள்ளையாகத் தோளில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அன்று அவர் இல்லாவிட்டால் இல்லமே மூடியிருக்கும், என் கையில் பிணங்கள் மிஞ்சியிருக்கும். அதை நான் எப்படி மறப்பேன்?

அறுபது பிள்ளைகளை நடத்தும்போது கொஞ்சம் கண்டிப்பு இருக்கத்தான் செய்யும். போகப் போக உனக்கே புரியும். பேரன் வரைந்த படம் இதனுடன் இருக்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்.

அக்கா

---

ஆகஸ்ட் 12

அக்கா,

உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் அலமாரியின் அடித்தட்டில் புகார் நோட்டு இருந்தது. பிள்ளைகள் பென்சிலில் எழுதியது, கீழே நீ பேனாவில் எழுதியது. "மாஸ்டர் ஈரத் துண்டால் அடித்தார். ஈரத் துண்டு என்றால் தடம் தெரியாது." "துணி அறையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை. தண்ணீர் கேட்டேன்." எழுத்துப் பிழைகளோடு பதினோரு புகார். ஒவ்வொன்றின் கீழும் உன் முத்து முத்தான கையெழுத்தில் ஒரே வரி: "விசாரித்தேன், உண்மையில்லை." பதினோரு முறை. ஒரு சொல்கூட மாறவில்லை.

சமையல்கார அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்தேன். கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தார். "நான் சொன்னேம்மா. பெரியம்மாகிட்டயே போய்ச் சொன்னேன். 'நீ சமையலப் பாரு'ன்னாங்க. பாத்துக்கிட்டேதான் இருக்கேன், இத்தன வருஷமா."

நேராக நிர்வாகக் குழுத் தலைவரிடம் போனேன். "ஒரு கையில நாலு தடம், ஒரு பழைய நோட்டு. அதுலயும் உங்க அக்காவே உண்மையில்லைன்னு எழுதியிருக்காங்க. இத வெச்சு பதினஞ்சு வருஷ ஆள அனுப்பிட முடியுமா? மாசக் கடைசியில குழு கூடுது, பேசிக்கலாம். அதுவரைக்கும் வெளியில மூச்சு விடாதீங்க. இல்லத்தோட பேரு இருக்கு."

நான் சரி என்றேன். தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கக் கூடாது என்று மாஸ்டரிடம் சொன்னேன். "உத்தரவு மேடம்" என்றார்.

உனக்குத் தெரியுமா அக்கா? ஆமாம் அல்லது இல்லை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

தங்கை

---

செப்டம்பர் 3

அக்கா,

மூன்று வாரம் தபால்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன்.

கொசு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். தோள் எலும்பும் மணிக்கட்டும் முறிந்திருக்கின்றன.

ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி குழு கூடியது. காலை பத்து மணிக்கு நான் அங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, "பிள்ளைகளின் பாதுகாப்பு" என்று எழுதிக் கொண்டுபோன தாளை வாசித்துக்கொண்டிருந்த நேரத்தில், மாஸ்டர் அவளைப் பம்பு அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறார். நகம் வெட்டிய அன்று என்னிடம் ஏதோ சொல்லிவிட்டாள் என்று சந்தேகம். அவள் ஒன்றுமே சொல்லவில்லை அக்கா. மேலே இருந்த காற்றுத் துளை வழியாக வெளியே வரப் பார்த்து விழுந்திருக்கிறாள். சமையல்கார அம்மாதான் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறார்.

துணி அறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு ஏதோ சாதித்தவள்போல் இருந்தேன். இல்லத்தில் வேறு பூட்டா இல்லை? ஆளை வெளியே அனுப்பாமல் தாழ்ப்பாளை அனுப்பினேன். பதினேழு நாள். அந்தப் பதினேழு நாளும் என்னுடையது. அதை உன் தலையில் கட்ட மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் என் பழைய டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, "விழுந்ததுதானே சிஸ்டர்?" என்றார். "பூட்டி வெச்சதால விழுந்தா. அப்படியே எழுதுங்க" என்றேன். போலீசிலும் எழுதிக் கொடுத்துவிட்டேன், பிள்ளை வாய் திறந்து சொன்னால்தான் மேற்கொண்டு நடக்கும் என்கிறார்கள். குழுத் தலைவர் என்னிடம் பேசுவதில்லை.

மாஸ்டரை விடுப்பில் அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான். கொசு யாரிடமும் வாய் திறக்கவில்லை. கேட்டால் முகத்தைப் போர்வையால் மூடிக்கொள்கிறாள். குழு நடத்தும் விசாரணையில் அவர் தன் பக்கத்துக்கு வைத்திருப்பது இரண்டே இரண்டு காகிதம். ஒன்று உன் பதினோரு வரி. இன்னொன்று, ஓய்வு பெறும்போது நீ கொடுத்த நற்சான்று: "குழந்தைகள் இவரிடம் பாதுகாப்பாக இருப்பார்கள்."

நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

தங்கை

---

செப்டம்பர் 24

தங்கைக்கு,

உன் கடிதத்தை மகன் பிரித்துப் படித்துவிட்டான். இரண்டு நாள் என்னிடம் கொடுக்கவில்லை. அம்மாவை இந்த வயதில் கோர்ட்டு, போலீஸ் என்று இழுக்க வேண்டாம் என்று உனக்கு எழுதப்போவதாகச் சொன்னான். நான்தான் வேண்டாமென்று தடுத்தேன்.

நான் என்ன குறை வைத்தேன் உனக்கு? கல்யாணம் வேண்டாம் என்று எத்தனை வருஷம் தள்ளிப்போட்டு உன்னைப் படிக்க வைத்தேன். பத்தொன்பது வருஷத்தில் முந்நூறு பிள்ளைகளுக்கு மேல் ஆளாக்கி அனுப்பியிருக்கிறேன். இன்றும் கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறார்கள். அதெல்லாம் கண்ணில் படவில்லையா? ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாய்.

அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கட்டு எப்போது பிரிப்பார்கள்? எலும்பு கோணலாகக் கூடிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

எனக்குத் தூக்கம் சரியில்லை. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

அந்த முட்டைக்கண்ணி இப்போது எங்கே இருக்கிறாள்? உனக்குத் தெரியுமா?

அக்கா

---

அக்டோபர் 8

அக்கா,

கட்டு இன்னும் இரண்டு வாரம். எலும்பு நேராகக் கூடுகிறது.

உன் கடைசி வரியைப் பத்து முறை படித்தேன். முட்டைக்கண்ணி என்று ஒரு பெண்ணை நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. நோட்டிலும் அந்தப் பெயர் இல்லை. நீயாகத்தான் கேட்டாய்.

சமையல்கார அம்மா உடனே சொல்லிவிட்டார். எட்டு வருஷத்துக்கு முன் இருந்தவள், அப்போது பதினொரு வயது. இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். போனேன். கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் யாரென்று சொன்னதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஒரு சட்டை கருகிவிடக் கூடாதே என்ற கவனம் அந்த நேரத்திலும் இருந்தது.

அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"மாஸ்டர் அடிச்சதெல்லாம் மறந்துபோச்சுக்கா. நெசமாத்தான். துணி ரூம்ல ரெண்டாவது நாள்னு நெனைக்கிறேன், கதவு தெறந்துச்சு. பெரியம்மா. எனக்கு உசுரே வந்துச்சு. எந்திரிக்க முடியல, உக்காந்தபடியே கைய நீட்டினேன். என்னப் பாத்தாங்க. நல்லாப் பாத்தாங்க. அப்புறம் கதவ மெதுவா சாத்திட்டாங்க. சத்தமில்லாம. அது மட்டும் மறக்கல."

அழவில்லை அவள். மறுபடி பெட்டியை எடுத்துக்கொண்டாள். சாட்சி சொல்வாயா என்று கேட்டேன். "நான் சொன்னா யாரு நம்புவா? பெரியம்மா பொய்யின்னு எழுதினது நோட்டுல இருக்குன்னு சொல்றீங்களே" என்றாள்.

அக்கா, இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

---

அக்டோபர் 25

பெறுநர்: முன்னாள் தலைவி அவர்கள்

மதிப்பிற்குரிய அம்மா,

தங்கள் பணிக்காலத்தில் விடுதி மேற்பார்வையாளர் மீது பிள்ளைகள் அளித்த பதினோரு புகார்கள் குறித்தும், தாங்கள் அவருக்கு வழங்கிய நற்சான்று குறித்தும், விசாரணைக்காகத் தங்கள் எழுத்துப்பூர்வமான வாக்குமூலம் தேவைப்படுகிறது. நவம்பர் 15ஆம் தேதிக்குள் கிடைக்குமாறு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உடல்நலம் தேற வேண்டுகிறேன்.

இல்லத் தலைவி

---

நவம்பர் 12

இல்லத் தலைவிக்கு,

வாக்குமூலம் இதனுடன் இருக்கிறது. நான்கு பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழே எழுதுவது என் தங்கைக்கு.

பதினோரு புகாரில் ஒன்றைக்கூட நான் விசாரிக்கவில்லை. நோட்டில் எழுதிவிட்டால் விசாரித்ததுபோல் ஒரு நிம்மதி வரும். முதல் முறை எழுதியபோது கை கூசியது. நான்காவது முறை கூசவில்லை.

முட்டைக்கண்ணி சொன்ன அந்த நாளில் முன்னறையில் அதிகாரிகள் பார்வையிட வந்திருந்தார்கள். புதுப் போர்வை எடுத்துக் காட்டலாமென்று துணி அறையைத் திறந்தேன். அவள் இருந்தாள். உதடு வெடித்திருந்தது. மாஸ்டர் பின்னாலிருந்து, "நான் பாத்துக்கறேன் பெரியம்மா, நீங்க போங்க" என்றார். கை தானாகக் கதவைச் சாத்தியது என்று முதலில் எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டேன். நான்தான் சாத்தினேன். போய் அதிகாரிகளோடு தேநீர் குடித்தேன். எங்கள் இல்லத்தின் ஒழுங்கைப் புகழ்ந்தார்கள்.

மாஸ்டர் போய்விட்டால் இல்லத்தை நடத்த முடியாது என்று பயந்தேன். உண்மை அதுதான். பிள்ளைகளுக்காக இல்லம் என்பது எப்போதோ மாறி, இல்லத்துக்காகப் பிள்ளைகள் என்றாகிவிட்டது. நற்சான்று கேட்டபோது ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். அவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமே என்றுதான் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

மகனுக்குத் தெரியாமல் கீழ் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்து இதைத் தபாலில் சேர்க்கிறேன். நேரத்துக்கு வந்துவிடும் அல்லவா?

அக்கா

---

டிசம்பர் 2

அக்கா,

நேரத்துக்கு வரவில்லை. பதினேழாம் தேதி வந்தது. பதினைந்தாம் தேதியே குழு முடித்துவிட்டது. ஆதாரம் போதவில்லை, மாஸ்டரே ராஜினாமா செய்துகொள்ளட்டும், இரு தரப்புக்கும் கௌரவம். அன்று மாலையே பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். கை குலுக்கி அனுப்பினார்கள்.

எங்கே போனார் என்று கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. அடுத்த மாவட்டத்தில் ஒரு குழந்தைகள் இல்லம். உன் நற்சான்றைக் காட்டிச் சேர்ந்திருக்கிறார். உன் வாக்குமூலத்தை எடுத்துக்கொண்டு முதல் பேருந்தில் போனேன். அங்கேயும் ஒரு தலைவி. என் வயதுதான் இருக்கும், கண்ணைச் சுற்றிக் கருவளையம். நான்கு பக்கத்தையும் படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனார்.

"வந்து பத்து நாள்தான் ஆச்சு. ஆனா என்ன சுறுசுறுப்பு தெரியுமா? ஆள் கிடைக்காம நான் தவிச்சுக்கிட்டிருந்தேன். கமிட்டியக் கேட்டு முடிவு பண்றேனே" என்றார்.

கத்தவில்லை. "அம்மா, நானும் அப்படித்தான் கமிட்டியக் கேட்டேன். பதினேழு நாள் காத்திருந்தேன். அந்தப் புள்ளைக்கு இப்ப வலது கையால தலை வார முடியல. நீங்க இன்னைக்கு மதியம் வரைக்கும்கூட காத்திருக்காதீங்க" என்றேன்.

அவர் எழுந்து சாவிக்கொத்தை எடுத்தார். இருவரும் ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்த்தோம். மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்கள் வைக்கும் இடத்தில், ஆறேழு வயதுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் காதைப் பொத்திக்கொண்டது. அந்த அம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போலீசுக்கு நான்தான் போன் செய்தேன். மாஸ்டரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பத்து நாள் அக்கா. வந்து பத்தே நாளில்.

வழக்கு ஜனவரியில். வாக்குமூலத்தை வயதானவளை மிரட்டி எழுதி வாங்கியது என்று அவர் வக்கீல் சொல்வாராம். நீ நேரில் வந்தால்தான் நிற்கும். கேட்கத்தான் முடியும் என்னால்.

வந்தால் என் வீட்டில் தங்கலாமா என்று மட்டும் கேட்காதே. என்ன சொல்வதென்று எனக்கே தெரியவில்லை. உன்னைப் பார்த்தால் கட்டிக்கொண்டு அழுவேனோ, கதவைத் திறக்காமல் இருப்பேனோ, இரண்டும் என்னால் முடியும் போலிருக்கிறது. கொசு நேற்று இரண்டு வார்த்தை பேசினாள், "தண்ணி வேணும்" என்று. சமையலறையில் எல்லோரும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டோம்.

தங்கை

---

டிசம்பர் 19

அன்புத் தங்கைக்கு,

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஜனவரி எட்டாம் தேதி வந்து சேர்வேன். மகன் பேசுவதை நிறுத்தியிருக்கிறான். "ஊர் சிரிக்கும்மா, உங்கள ஜெயில்ல போட்டாலும் போடுவாங்க" என்றான். போடட்டும் என்றேன். மருமகள்தான் பேசாமல் பெட்டியில் ஸ்வெட்டர் வைத்தாள்.

கோர்ட்டுக்கு எதிரே ஒரு தங்கும் விடுதி இருக்கிறதாம், அறை சொல்லியாயிற்று. நீ என்னை அழைக்க வர வேண்டாம். உன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்ல மாட்டேன். துடைப்பங்களுக்கு நடுவில் இருந்த அந்தப் பிள்ளைக்கும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், தெரியாமலே. அதையும் வாக்குமூலத்தில் சேர்க்கச் சொல்.

ஒரே ஒரு உதவி. நீ சலவைக் கடைக்குப் போய் அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும். நான் கூண்டில் ஏறிச் சொல்லும்போது அவள் அங்கே உட்கார்ந்து கேட்க விரும்புகிறாளா, அல்லது என் முகமே அவள் கண்ணில் படக் கூடாதா என்று. மன்னிப்புக் கேட்கச் சொன்னேன் என்று சொல்லாதே. அதைக் கேட்கும் பாரத்தையும் அவள் தலையில் வைக்க வேண்டாம். அவள் எப்படிச் சொல்கிறாளோ அப்படி. வேண்டாம் என்றால், அவள் சாட்சி சொல்ல வந்துவிட்டுக் கிளம்பிப் போகும்வரை நான் வெளியே வராந்தாக் கோடியில் நிற்கிறேன்.

எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன்.

அக்கா